ஆக்ஸ் துளை இல்லாத கார் ஸ்டீரியோவில் பழைய ஐபாட் பாட வேண்டுமென்றால்

கேள்வியை நான் புரிந்துகொண்ட அளவில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். உங்களிடம் ஒரு பழைய ஐபாட் கிளாசிக் இருக்கிறது. பல வருடம் உட்கார்ந்து சேர்த்த பாட்டெல்லாம் அதில்தான். காரில் இருப்பது வண்டியோடு வந்த ஸ்டீரியோ. ரேடியோ, கேசட், சிடி மூன்றும் உண்டு, வெளிக் கருவியின் பாட்டை வயர் வழியாக உள்ளே அனுப்பும் ஆக்ஸ் துளை மட்டும் இல்லை. லைட்டர் சாக்கெட்டில் செருகி, ஐபாடின் பாட்டைக் கார் ரேடியோவுக்கு ஒலிபரப்பும் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் ஒன்றை வாங்கிப் போட்டீர்கள். பாட்டு வருகிறது, கூடவே ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஓர் இரைச்சலும் வருகிறது. ஐபாடைச் சார்ஜரில் போட்டால் ‘ஊய்ங்’ என்று இன்னொரு சத்தம் சேர்ந்துகொள்கிறது; ஆக்ஸிலேட்டரை மிதித்தால் அதன் சுருதியும் ஏறுகிறது. ஸ்டீரியோவையே கழற்றிவிட்டுப் புதிது மாட்டலாமா, இப்படிக் கண்டதையும் இணைப்பதால் ஐபாட் கெட்டுப்போகுமா என்பது கேள்வி.

நான் 15 வருடத்துக்கு மேல் கார் ஸ்டீரியோ மாட்டுகிற, பழுது பார்க்கிற வேலை செய்தவன். நீங்கள் ஒரே தொல்லையாகச் சொல்வது எனக்கு இரண்டு தொல்லையாகத் தெரிகிறது. சத்தத்தைக் காதால் பிரித்துக் கேட்டாலே பாதி வேலை முடிந்துவிடும். இன்ஜின் வேகத்தோடு ஏறி இறங்கும் சத்தம், வண்டியின் மின்சாரத்திலிருந்து வருவது. வேகத்தோடு சம்பந்தமில்லாமல் இடத்துக்கு இடம் கூடிக் குறைவது, ரேடியோ அலையில் வருவது. எங்கே போனாலும் மாறாமல் ஒரே சீராக இருப்பது பெரும்பாலும் வால்யூமைத் தப்பான இடத்தில் வைத்ததால் வருவது. உங்களுக்கு முதல் இரண்டும் இருக்கின்றன. மூன்றாவதும் கொஞ்சம் கலந்திருக்கும் என்பது என் ஊகம், காதால் கேட்காமல் அதை உறுதியாகச் சொல்ல மாட்டேன்.

முதலில் அந்த ‘ஊய்ங்’. காரின் ஆல்டர்னேட்டர் உற்பத்தி செய்வது மாறுமின்சாரம். அதை டயோடுகள் நேர்மின்சாரமாக மாற்றி பேட்டரிக்கு அனுப்புகின்றன. அந்த மாற்றம் முழுச் சுத்தமாக நடப்பதில்லை. 14 வோல்ட்டின் மேல் சின்ன அலை ஒன்று மிச்சமிருக்கும். ஆல்டர்னேட்டர் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறதோ அந்த அளவுக்கு அலையும் வேகமாகும், அதனால்தான் மிதித்தால் சுருதி ஏறுகிறது. அந்த அலை பாட்டுக்குள் நுழைய ஒரு வழி வேண்டும் அல்லவா? அந்த வழி எர்த், அதாவது மின்சாரம் பேட்டரிக்குத் திரும்பும் வயர். உங்கள் அமைப்பில் டிரான்ஸ்மிட்டருக்கு சாக்கெட்டிலிருந்து ஒரு எர்த் போகிறது, ஐபாடுக்கு சார்ஜர் மூலமாக இன்னொரு எர்த் போகிறது, நடுவில் இரண்டையும் ஆடியோ வயரின் எர்த் இணைக்கிறது. ஆக, எர்த் ஒரு வளையமாகிவிட்டது. வளையத்தின் இரண்டு முனைக்கும் நடுவே இருக்கும் துளி வோல்ட் வித்தியாசம் ஆடியோ வயர் வழியாக ஓடும்போது, அதையும் பாட்டு என்றே நினைத்து ஸ்டீரியோ பெரிதாக்கிக் கொடுக்கிறது. ஆக்ஸ் உள்ள காரிலும் இதே கதைதான். அங்கே வளையம் ஸ்டீரியோவின் எர்த் வழியாக மூடிக்கொள்ளும்.

இதைச் சோதிக்க எந்தக் கருவியும் வேண்டாம். பாட்டை நிறுத்தாமல் சார்ஜரை மட்டும் உருவுங்கள். சத்தம் அந்த நொடியே போய்விட்டால் எர்த் வளையம்தான், அல்லது சார்ஜரே அழுக்கு மின்சாரம் தருகிறது. இவை இரண்டையும் பிரிக்க, சார்ஜரைச் செருகியபடியே இன்ஜினை அணைத்து, சாவியை ரேடியோ மட்டும் ஓடும் நிலையில் வையுங்கள். ஊய்ங் நின்றுபோனால் ஆல்டர்னேட்டர்–எர்த் விவகாரம். இன்ஜின் இல்லாமலும் ‘கிர்ர்’ என்று ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தால், 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் அந்தச் சின்ன சார்ஜர்தான் குற்றவாளி, நல்லதாக வேறொன்று மாற்றுங்கள். எல்லாவற்றையும் உருவிய பிறகு வெறும் ரேடியோவிலேயே ஊய்ங் கேட்டால் ஐபாடுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஆன்டெனா எர்த், ஸ்டீரியோவின் எர்த், ஆல்டர்னேட்டர் டயோடு இவற்றில் ஒன்றைப் பார்க்க வேண்டும்.

வைத்தியம் இரண்டு. இலவச வைத்தியம், ஓட்டும்போது சார்ஜ் போடாமல் இருப்பது. ஐபாட் கிளாசிக் புதிதாக இருந்தபோது 30 மணி நேரமோ அதற்கு மேலோ பாடும் என்று சொல்லித்தான் விற்றார்கள். பேட்டரி கிழடாகி அதில் கால்வாசிதான் பாடுகிறது என்றாலும் ஒரு நாள் பயணத்துக்குப் போதும். வீட்டில் சார்ஜ் போட்டுக்கொள்ளலாம். இரண்டாவது, கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர் என்று விற்கும் சின்ன உருளை. அதற்குள் இரண்டு குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இருக்கும், இடதுக்கு ஒன்று, வலதுக்கு ஒன்று. பாட்டு காந்தப்புலம் வழியாகத் தாண்டிப் போகும், எர்த் தாண்டாது. ஆடியோ வயரின் நடுவில் செருகினால் போதும். மலிவானவற்றில் இரும்பு உள்ளீடு சிறியது, அதனால் ஆழமான பாஸ் கொஞ்சம் மெலியும். டிரம் சத்தத்தில் வயிறு இல்லாததுபோல இருக்கும். ஒன்று மட்டும் செய்யாதீர்கள். யாரோ சொன்னார்கள் என்று ஸ்டீரியோவின் எர்த் வயரை வெட்டிவிடாதீர்கள். அந்த மின்சாரம் வேறு வழி தேடும். அந்த வேறு வழி உங்கள் ஐபாடின் மெல்லிய வயராக இருக்கலாம்.

இனி ‘ஸ்ஸ்ஸ்’. எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர் என்பது ஒரு குட்டி வானொலி நிலையம். ஆனால் எவ்வளவு குட்டி என்பதைப் பலர் யோசிப்பதில்லை. பக்கத்து வண்டியின் ரேடியோவைக் கெடுத்துவிடக் கூடாது என்று சட்டமே அதன் கையைக் கட்டிப்போட்டிருக்கிறது. ஐரோப்பாவில் அனுமதிக்கும் உச்சம் 50 நானோவாட், அதாவது ஒரு வாட்டில் இரண்டு கோடியில் ஒரு பங்கு. நிஜ நிலையங்கள் கிலோவாட் கணக்கில் கத்தும் அலைவரிசையில் இது முணுமுணுக்கிறது. அதனால் காலியான அலைவரிசை கிடைப்பதுதான் எல்லாமே. வெறும் இரைச்சல் மட்டும் கேட்கும் எண்ணைப் பிடியுங்கள், அதன் இரண்டு பக்கத்திலும் 0.2 மெகாஹெர்ட்ஸ் தள்ளிக் கேளுங்கள், அங்கேயும் யாரும் இல்லையென்றால் அது நல்ல இடம். ஆனால் இன்னொரு ஊருக்குள் நுழைந்ததும் அதே எண்ணில் ஒரு நிலையம் வந்து உட்கார்ந்துகொள்ளும். இதற்கு வைத்தியம் இல்லை.

டிரான்ஸ்மிட்டரோடுதான் வாழ வேண்டும் என்றால் மூன்று காரியம் செய்து பாருங்கள். ரேடியோவிலோ டிரான்ஸ்மிட்டரிலோ மோனோ என்ற வசதி இருந்தால் அதற்கு மாறுங்கள், எஃப்.எம்.மில் ஸ்டீரியோவுக்குத்தான் இரைச்சல் அதிகம், மோனோவில் அது சட்டென்று அடங்கும். ஐபாட் வால்யூமை முக்கால் பங்குக்கு மேலே வையுங்கள். குறைவாக வைத்துவிட்டு ஸ்டீரியோவில் ஏற்றினால் இரைச்சலையும் சேர்த்துத்தான் ஏற்றுகிறீர்கள். முழுவதும் ஏற்றினாலோ டிரான்ஸ்மிட்டருக்குள் பாட்டு நசுங்கி ‘ச’ எழுத்தெல்லாம் கிழியும். மூன்றாவது, ஆன்டெனா எங்கே இருக்கிறது என்று பாருங்கள். பின் கண்ணாடியிலோ கூரையின் பின்பக்கத்திலோ இருந்தால், முன்னால் சாக்கெட்டில் இருக்கும் முணுமுணுப்பு அங்கே போய்ச் சேர்வதற்குள் தேய்ந்துவிடும். பின்பக்கமும் ஒரு சாக்கெட் இருந்தால் அங்கே செருகிப் பாருங்கள். எல்லாம் சரியாக அமைந்தாலும் எஃப்.எம். ஒலிபரப்பு 15 கிலோஹெர்ட்ஸ் வரைக்கும்தான் பாட்டைச் சுமக்கும். ஜால்ராவின் நுனி மினுமினுப்பு கொஞ்சம் மழுங்கும். ஓடும் வண்டியில் அது பெரிய குறையே இல்லை. இரைச்சல்தான் குறை.

இதன் அண்ணன் ஒருவர் இருக்கிறார், வயர் வழி எஃப்.எம். மாடுலேட்டர். ஆன்டெனா வயரை ஸ்டீரியோவின் முதுகிலிருந்து உருவி, நடுவில் இந்தப் பெட்டியைச் செருக வேண்டும். அது ஓடும்போது ஆன்டெனாவைத் துண்டித்துவிட்டு நேரே ரேடியோவின் வாயில் ஊட்டும். காற்றில் போகும் தொல்லை போய்விடும். கேசட் பகுதி செத்துப்போன ஸ்டீரியோக்களுக்கு இதை நான் நிறைய மாட்டியிருக்கிறேன்.

ஆனால் உங்களிடம் கேசட் இருக்கிறது என்கிறீர்கள். அப்படியானால் ஏன் டிரான்ஸ்மிட்டர் பக்கம் போனீர்கள் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றியது. கேசட் அடாப்டர் என்பது பார்ப்பதற்கு வயர் தொங்கும் ஒரு கேசட். உள்ளே டேப் கிடையாது. டேப் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு காந்தத் தலை இருக்கும்; அது ஸ்டீரியோவின் தலையோடு முகத்தோடு முகம் ஒட்டி உட்காரும். ஐபாடிலிருந்து வரும் மின்சாரத்தை அது காந்தப்புலமாக மாற்றுகிறது, எதிரே இருக்கும் தலை அதை டேப் என்று நம்பிப் படிக்கிறது. கேசட் வந்தது 1963-இல்; அதைக் கண்டுபிடித்தவர்கள் யாரும் தங்கள் பெட்டியை இப்படி ஏமாற்றுவார்கள் என்று எதிர்பார்த்திருக்க மாட்டார்கள். டேப் ஓடாததால் டேப்புக்கே உரிய இரைச்சலும் இல்லை, ராகம் இழுபடுவதும் இல்லை. ஒழுங்காகப் பொருந்திவிட்டால் டிரான்ஸ்மிட்டரை விட இது எவ்வளவோ மேல், எந்த ஊரிலும் யாரும் குறுக்கே வர மாட்டார்கள்.

பொருந்துவதில்தான் சங்கதி இருக்கிறது. இரண்டு தலைகளும் ஒரு மயிரிழை விலகினாலும் ஒரு பக்கம் சத்தம் குறையும் அல்லது பாட்டு போர்வைக்குள்ளிருந்து வருவதுபோல இருக்கும். செருகிய பிறகு அடாப்டரை விரலால் லேசாக மேலும் கீழும் அழுத்திப் பாருங்கள், சத்தம் தெளிந்தால் பிரச்சினை அதுதான். தலை ஸ்ப்ரிங் மேல் மிதக்கிற மாதிரி செய்த அடாப்டர்கள் தானாகவே பொருந்திக்கொள்ளும். வாங்கும்போது தலையை விரலால் தொட்டு அசைகிறதா என்று பாருங்கள். ஸ்டீரியோவின் தலையில் வருடக்கணக்கான டேப் தூள் படிந்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சுக் குச்சியால் துடைத்துவிட்டுக் காயவிடுங்கள். இதைச் செய்யாமலே அடாப்டர் மோசம் என்று தூக்கிப் போட்டவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

இன்னொரு தொல்லை, போட்டதும் ஸ்டீரியோ அடாப்டரைத் திருப்பித் திருப்பிப் பாடப் பார்க்கும், அல்லது வெளியே துப்பிவிடும். சக்கரம் சுற்றாவிட்டால் டேப் முடிந்துவிட்டது என்று அது நினைக்கிறது. அதற்காகத்தான் நல்ல அடாப்டர்களுக்குள் பல்சக்கரங்கள் வைத்து இரண்டு பக்கச் சக்கரமும் சுற்றுகிற மாதிரி செய்திருப்பார்கள். அந்தப் பல்சக்கரங்களின் ‘கடகட’ சத்தம் பாட்டு மெல்லியதாகும்போது காதில் விழும். பழகிவிடும் என்று சொல்ல ஆசைதான், எனக்கு இன்றுவரை பழகவில்லை. டேப் இரைச்சலைக் குறைக்கும் டால்பி பொத்தான் இருந்தால் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் உயர் சுருதிகள் அமுங்கும். மெட்டல் என்று ஒரு பொத்தான் இருந்தால் இரண்டு நிலையிலும் கேட்டுவிட்டு உங்கள் காதுக்குப் பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள், அது உயர் சுருதியைச் சற்றுக் குறைக்கும். நின்ற வண்டியில் வெயில் காலத்தில் அடாப்டரை உள்ளேயே விட்டுவிட்டுப் போகாதீர்கள். பிளாஸ்டிக் வளைந்து வெளியே வர மறுத்தால் ஸ்டீரியோவைப் பிரிக்க வேண்டிவரும்.

கேசட்டை விடவும் நல்ல வாசல் ஒன்று உங்கள் ஸ்டீரியோவின் முதுகில் இருக்கக்கூடும். ‘இருக்கக்கூடும்’ என்றுதான் சொல்வேன். பார்க்காமல் அதற்கு மேல் யாராலும் சொல்ல முடியாது. அந்தக் காலத்து கம்பெனி ஸ்டீரியோக்கள் பலவற்றில், டிக்கியில் வைத்துப் பல சிடிகளை மாற்றி மாற்றிப் பாடும் சிடி சேஞ்சருக்கென்று தனி இணைப்பு விட்டிருப்பார்கள். முன்பக்கம் சிடிசி என்றோ சேஞ்சர் என்றோ ஒரு பொத்தான் இருந்தால் நம்பிக்கை வைக்கலாம். ஆனால் அந்த இணைப்பில் ஆடியோ கம்பி எது என்று கண்டுபிடித்து ஐபாடை நேராக ஒட்டிவிட்டால் பாடாது. சேஞ்சர் அந்தப் பக்கம் இருக்கிறது என்று ஸ்டீரியோ முதலில் நம்ப வேண்டும். அதற்கு அது எதிர்பார்க்கும் பாஷையில் பதில் சொல்ல ஒரு பெட்டி வேண்டும். சேஞ்சர் மாதிரி நடிக்கும் அந்த அடாப்டர்கள் வண்டிக்கு வண்டி, மாடலுக்கு மாடல் வேறு. ஸ்டீரியோவை வெளியே இழுத்து, உடம்பில் ஒட்டியிருக்கும் லேபிளில் உள்ள முழு எண்ணை வைத்துத்தான் தேட வேண்டும். கிடைத்துவிட்டால் இதுதான் ராஜபாட்டை, ஆடியோ நேரே உள்ளே போகிறது, நடுவில் ரேடியோவும் இல்லை காந்தமும் இல்லை. ஸ்டீரியோவைப் பிரித்து உள்ளே போர்டில் சால்டர் வைத்து ஆக்ஸ் வயர் இழுப்பவர்களும் உண்டு. நானும் செய்திருக்கிறேன். சர்க்யூட் படம் கையில் இல்லாமல், முதல் தடவையாகச் செய்பவருக்கு அதைச் சிபாரிசு செய்ய மாட்டேன்.

வாசல் எதுவானாலும், ஐபாடிலிருந்து பாட்டை எங்கே எடுப்பது என்று ஒரு பழைய வாதம் உண்டு. ஹெட்போன் துளையிலிருந்து எடுத்தால் ஒலி கெட்டுவிடும், கீழே உள்ள அகலமான 30 பின் இணைப்பின் லைன் அவுட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும் என்பார்கள். அந்த இணைப்பு 2003-இல் வந்தது. அதில் வரும் ஒலிக்கு ஐபாடின் வால்யூம் கட்டுப்படாது, எப்போதும் ஒரே அளவில் வரும். ஒரே செருகலில் சார்ஜும் ஏறும். வசதி என்ற வகையில் லைன் அவுட் நல்லதுதான். ஆனால் ஹெட்போன் துளை மோசம் என்பதில் உண்மை குறைவு. ஹெட்போனின் சில பத்து ஓம்களை இழுக்கப் பழகிய அந்தச் சின்ன ஆம்ப்ளிஃபயருக்கு, ஆயிரக்கணக்கான ஓம் உள்ள ஸ்டீரியோவின் நுழைவு ஒரு சுமையே இல்லை. வால்யூமை 75–85 சதவீதத்தில் நிறுத்தி, ஐபாடின் ஈக்வலைசரை அணைத்துவிட்டால் இரண்டுக்கும் வித்தியாசம் கண்டுபிடிக்கக் காரில் வாய்ப்பில்லை. ஈக்வலைசரில் பாஸ் ஏற்றி, வால்யூமையும் முழுக்க ஏற்றிவிட்டு ‘கரகரக்கிறது’ என்று வந்தவர்கள்தான் என்னிடம் அதிகம். கேசட் அடாப்டருக்கும் டிரான்ஸ்மிட்டருக்கும் ஹெட்போன் துளைதான் தோது, அளவைக் கூட்டிக் குறைக்க அங்கேதான் முடியும்.

30 பின் இணைப்பில் சார்ஜ் ஏற்றும் பழைய கார் கிட் ஏதாவது வாங்கினால் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆரம்பகாலக் கிட்டுகள் சில, யு.எஸ்.பி. போன்ற ஃபயர்வயர் என்ற பழைய இணைப்பு வழியாக 12 வோல்ட் கொடுத்தன. 2008 வாக்கில் வந்த நானோ, டச் மாடல்களிலிருந்து அந்த வழியை அடைத்துவிட்டார்கள். அவை பாடும், சார்ஜ் மட்டும் ஏறாது. 5 வோல்ட் யு.எஸ்.பி. வழியாகக் கொடுக்கும் கிட் என்றால் இந்தத் தலைவலியே இல்லை.

ஒரு சம்பவம் சொல்கிறேன். ஒருவர் வந்து, ‘பாட்டில் பாடகர் மட்டும் காணாமல் போகிறார், வாத்தியம் எல்லாம் கேட்கிறது’ என்றார். இரண்டு அடாப்டர் மாற்றியிருக்கிறார், மூன்றாவது வாங்க வந்திருந்தார். வாங்கிப் பார்த்தேன். பிளேயருக்குத் தடித்த ரப்பர் உறை போட்டிருந்தார், அதனால் பிளக் ஒரு மில்லிமீட்டர் வெளியே நின்றது. பிளக்கின் நுனி இடது, நடு வளையம் வலது, அடிப்பகுதி எர்த். எர்த் தொடாமல் போனால் இடது வலது இரண்டும் ஒன்றையொன்று கழித்துக்கொள்ளும். பாடகரின் குரலை நடுவில், இரண்டு பக்கமும் சமமாகத்தான் பதிவு செய்திருப்பார்கள் என்பதால் அது மொத்தமாகக் கழிந்துவிடும். உறையைக் கழற்றியதும் பாடகர் திரும்பி வந்துவிட்டார். உங்களுக்கும் எப்போதாவது குரல் கிணற்றுக்குள் போனால் முதலில் பிளக்கை அழுத்துங்கள். மைக் உள்ள ஹெட்போன்களுக்கான, பிளக்கில் நான்கு உலோகப் பகுதி உள்ள வயரைப் பயன்படுத்தினாலும் சில பிளேயர்களில் இதே கூத்து நடக்கும். நுனி, நடு வளையம், அடி என்று மூன்று பகுதி மட்டும் உள்ள வயர் வாங்குங்கள்.

புளூடூத்தில் இணைத்துவிடலாமே என்று ஒருவர் உங்களுக்கு யோசனை சொல்லியிருந்தார். கிளாசிக்கில் புளூடூத் இல்லை, உங்கள் ஸ்டீரியோவிலும் இல்லை. ஐபாடில் ஒரு டிரான்ஸ்மிட்டர் தொங்கவிட்டு, அந்தப் பக்கம் ஒரு ரிசீவர் வைத்தால், அந்த ரிசீவரின் ஒலியை ஸ்டீரியோவுக்குள் அனுப்ப மறுபடி ஆக்ஸ்தான் வேண்டும். சுற்றிச் சுற்றி அதே வாசலில் வந்து நிற்பீர்கள்.

சரி, ஸ்டீரியோவை மாற்றலாமா? இந்த இரண்டு சத்தத்துக்காக மாற்றுவது மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது போல. ஊய்ங் சத்தம் புது ஸ்டீரியோவிலும் வரும், எர்த் வளையம் அப்படியே இருக்குமே. கேசட் ஓடவில்லை, சேஞ்சர் வாசலும் இல்லை என்றால் மாற்றுவதில் நியாயம் உண்டு. அப்போதும் முதலில் பார்க்க வேண்டியது முகப்பின் அளவு. 180-க்கு 50 மில்லிமீட்டர் செவ்வகமோ, அதன் இரட்டிப்பு உயரமோ என்றால் கடையில் கிடைப்பது பொருந்தும். வளைந்து நெளிந்து டாஷ்போர்டோடு ஒட்டி வார்த்த ஸ்டீரியோவாக இருந்தாலோ, ஏ.சி., கடிகாரம் போன்றவை அதன் திரையிலேயே தெரிந்தாலோ கை வைக்காதீர்கள். வண்டிக்கென்றே விற்கும் இணைப்பு வயரை வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனி வயரை வெட்டாதீர்கள். புது ஸ்டீரியோவின் மஞ்சள் வயர் எப்போதும் 12 வோல்ட், சிவப்பு சாவி போட்டால் மட்டும், கறுப்பு எர்த். சில வண்டிகளில் மஞ்சளும் சிவப்பும் சேர வேண்டிய இடம் மாறியிருக்கும். ஒவ்வொரு முறை வண்டியை அணைக்கும்போதும் ஸ்டீரியோ எல்லாவற்றையும் மறந்துபோனால் அதுதான் காரணம். பழைய ஸ்டீரியோவுக்கு ரகசிய எண் உண்டென்றால் அதைக் கழற்றுவதற்கு முன்பே தேடி எழுதிவைத்துக்கொள்ளுங்கள். திரும்ப மாட்ட நேர்ந்தால் தேவைப்படும்.

புதிதாக வாங்கும்போது யு.எஸ்.பி. துளையைப் பார்த்து மயங்க வேண்டாம். பென் டிரைவைப் படிக்கும் ஸ்டீரியோ ஐபாடைப் படிக்கும் என்று அர்த்தமில்லை. ஐபாட் தன் பாட்டுகளை மறைத்துவைத்த ஒரு ஃபோல்டருக்குள் நான்கெழுத்துப் புதிர்ப் பெயர்களில் போட்டு வைத்திருக்கும். எந்தப் பெயர் எந்தப் பாட்டு என்பது அதன் கணக்குப் புத்தகத்துக்கு மட்டும்தான் தெரியும். அதனோடு பேச ஸ்டீரியோவுக்குள் ஆப்பிளின் அங்கீகாரம் பெற்ற சிப் வேண்டும். ஐபாட் கிளாசிக் 2014-இல் நின்றுபோனது, கடைசி ஐபாடையும் 2022-இல் நிறுத்திவிட்டார்கள். ஆகவே பெட்டியில் கிளாசிக் என்ற பெயரையே போட்டிருந்தால்தான் நம்புங்கள். பாதுகாப்பான வழி, ஆக்ஸ் துளை உள்ளதாகப் பார்த்து வாங்குவது. அல்லது பாட்டையெல்லாம் ஃபேட் 32 முறையில் ஃபார்மேட் செய்த பென் டிரைவில் பிரதி எடுத்துக்கொண்டு ஐபாடை வீட்டில் வைத்துவிடுவது. ஐபாடின் சக்கரத்தில் விரலைச் சுழற்றிப் பாட்டுத் தேடும் சுகம் அதில் இல்லை, அதனால்தான் நீங்கள் இவ்வளவு பாடுபடுகிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது.

கடைசிக் கேள்வி, ஐபாட் கெடுமா? கேசட் அடாப்டர், ஆக்ஸ், டிரான்ஸ்மிட்டர் எதனாலும் கெடாது. கெடுக்கக்கூடியவை இரண்டு. ஒன்று, ஸ்பீக்கர் வயர். ஆக்ஸ் இல்லையென்றால் ஸ்பீக்கருக்குப் போகும் வயரிலேயே ஐபாடை ஒட்டினால் என்ன என்று யாராவது ஒருவர் வருடத்துக்கு ஒருமுறை கேட்பார். பெரும்பாலான கார் ஸ்டீரியோக்களில் ஸ்பீக்கரின் இரண்டு வயரிலுமே பேட்டரி வோல்ட்டில் பாதி எப்போதும் நின்றுகொண்டிருக்கும். அதில் ஐபாடை ஒட்டினால் அதன் கதை முடிந்தது, ஸ்டீரியோவின் கதையும் முடியலாம். இன்னொன்று, வெயில். 45 டிகிரிக்கு மேல் ஐபாடை வைக்க வேண்டாம் என்று தயாரித்தவர்களே சொல்லியிருக்கிறார்கள். மூடிய கார் வெயிலில் நின்றால் அதை எளிதாகத் தாண்டிவிடும். லித்தியம் பேட்டரி உப்புவதற்கு அது போதும். உள்ளே சுற்றும் ஹார்ட் டிஸ்க் வேறு இருக்கிறது, டாஷ்போர்டின் மேல் துள்ளவிடாமல் மெத்தென்ற இடத்தில் வையுங்கள், இறங்கும்போது கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்.

இப்போதைக்கு எதையும் வாங்க வேண்டாம். வீட்டில் எங்காவது ஒரு பழைய கேசட் கிடக்கும், அதை ஸ்டீரியோவில் போட்டு இரண்டு பக்கமும் ஐந்து நிமிடம் பாடவிடுங்கள். இழுக்காமல், டேப்பைக் கடிக்காமல், இடது வலது இரண்டு ஸ்பீக்கரிலும் பாடினால் நீங்கள் வாங்க வேண்டியது ஒரு கேசட் அடாப்டர் மட்டும்தான். டேப்பைக் கடித்துத் துப்பினால் ஸ்டீரியோ லேபிளில் உள்ள எண்ணையும் முன்பக்கப் பொத்தான்களின் பெயரையும் இங்கே எழுதுங்கள். சேஞ்சர் வாசல் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்கிறேன்.